ஃப்ரீகாட் 1.0: அளவு மாறினாலும் குலையாத வரைபடம்

யாழ்ப்பாணத்தில் கேற், தண்ணீர்த் தாங்கி ஸ்ராண்ட், லாண்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டி என்று இரும்பு வேலை செய்கிற சின்னப் பட்டறை ஒன்றுக்கு எந்த வடிவமைப்பு மென்பொருள் சரிவரும் என்று என்னிடம் கேட்டால், இப்போது யோசிக்காமல் ஃப்ரீகாட் 1.0 என்றுதான் சொல்வேன். முன்பு அப்படிச் சொல்லமாட்டேன். 0.21 பதிப்பு வரை அது பழகிப் பார்க்க நல்லது, ஆனால் காசு வாங்கிச் செய்கிற வேலையை அதை நம்பி ஒப்படைக்க முடியாது என்பதுதான் என் கருத்து. 2024 நவம்பரில் வந்த 1.0 அந்தக் கருத்தை மாற்றிவிட்டது, ஏன் மாற்றியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஃப்ரீகாட் ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் ரீகல் 2002 இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, அதில் வரைந்து சம்பாதித்தாலும் யாருக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. இந்தக் கடைசி விசயம்தான் முக்கியம். ஓட்டோகாட்டைச் செய்கிற ஓட்டோடெஸ்க் கம்பனியின் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷனும் தனிப்பட்ட பாவனைக்கு இலவசம்தான், நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஃபைல் 10 தான், அதோடு அந்த அனுமதி வியாபாரத்துக்கு இல்லை. மாணவர்களுக்கு ஓட்டோகாட்டும் இலவசமாகக் கிடைக்கும், படிப்பு முடிந்தால் அதுவும் முடிந்தது. காசு கட்டி எடுத்தால் சந்தா எல்லாம் டொலரில். 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். திருட்டுப் பிரதி போடலாமே என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை, ஆனால் நேர்மையாகச் செய்ய ஒரு வழி இருக்கும்போது பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.

சரி, 1.0 இல் அப்படி என்ன வந்துவிட்டது?

ஒரு பெட்டி வரைந்தால் அதன் ஒவ்வொரு முகத்துக்கும் மென்பொருள் உள்ளுக்குள் ஒரு எண் வைத்துக்கொள்ளும். ஆறாவது முகத்தில் ஒரு ஓட்டை போட்டிருப்பீர்கள். பிறகு திரும்பிப் போய் கீழே ஒரு மூலையை வெட்டினால் முகங்களின் எண்ணிக்கை மாறும், எண்கள் மறுபடி போடப்படும், நேற்றுவரை ஆறாக இருந்த முகம் இன்றைக்கு எட்டாகியிருக்கும். ஓட்டை பாவம், ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும், அல்லது சிவப்புக் குறி காட்டி மொத்தமும் நின்றுவிடும். இந்தச் சிக்கல் ஃப்ரீகாட்டோடு கூடவே வளர்ந்தது. ரியல்தண்டர் என்ற பெயரில் எழுதும் ஒரு நிரலாளர் தன் தனிக் கிளையில் (மூலநிரலைப் பிரித்தெடுத்துத் தானாக மாற்றிய பிரதியில்) இதற்கு ஒரு தீர்வு எழுதி வைத்திருந்தார், அதை முதன்மைப் பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்த்ததுதான் 1.0 இன் பெரிய வேலை. முழுதாகத் தீர்ந்தது என்று ஃப்ரீகாட்டை உருவாக்குகிறவர்களே சொல்லவில்லை, பெருமளவு தணிந்திருக்கிறது என்பதுதான் சரி. ஆனால் பட்டறை வேலைக்கு அந்தத் தணிவே போதும்.

எப்படி என்று ஒரு கேற்றை வைத்துச் சொல்கிறேன். இரண்டு கதவு வைத்த கேற், வாய் (தூணுக்குத் தூண் உள்ள அகலம்) 12 அடி. பிணைச்சல் பக்கம், நடுவில் என்று விடுகிற இடைவெளி மொத்தம் 4 அங்குலம். அப்போது ஒரு கதவு 70 அங்குலம் வரும். நிமிர்ந்த கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது (வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறதாம்), ஆகவே கம்பித் தடிப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் 18 கட்டம், ஒரு கட்டம் ஏறக்குறைய 3.89 அங்குலம். வரைந்து, வீட்டுக்காரரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு மேசன் தூணைப் பூசி முடிப்பார். அப்புறம் ஃபோன் வரும்: "தம்பி, பூச்சோட பாத்தா பதினொண்டே முக்கால் அடிதான் வருது." இது எல்லாருக்கும் நடப்பது, பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

1.0 இல் வார்செட் என்று புதிதாக ஒன்று தந்திருக்கிறார்கள். வாய் அகலம், உயரம், இடைவெளி, கம்பித் தூரம் என்று நமக்கு வேண்டிய அளவுகளை ஒரே இடத்தில் பெயர் வைத்துப் போட்டுவிடலாம். (பெயரை நான் ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறேன், சூத்திரத்தில் தட்டச்சு செய்ய அதுதான் வசதி.) பிறகு ஸ்கெச்சில் (முதலில் தட்டையாக வரைகிற கோட்டுப் படத்தில்) கதவின் அகலத்தைக் கேட்கிற பெட்டியில் எண்ணை அடிக்காமல் சமன் குறியை அடித்தால் சூத்திரம் எழுதுகிற சின்ன ஜன்னல் திறக்கும். அங்கே வாயிலிருந்து இடைவெளியைக் கழித்து இரண்டால் பிரி என்று எழுதிவிட வேண்டியதுதான். கட்டங்களின் எண்ணிக்கைக்கு, அகலத்தை 4 அங்குலத்தால் பிரித்து அடுத்த முழு எண்ணுக்கு ஏற்று என்று சீல் (ceil) செயற்பாட்டைப் போட வேண்டும். அடி, அங்குலம், மில்லிமீற்றர் மூன்றையும் ஒரே சூத்திரத்துக்குள் கலந்து எழுதலாம், அதுவே மாற்றிக்கொள்ளும். அடியில் பேசி மில்லிமீற்றரில் பொக்ஸ் பார் வாங்குகிற எங்கள் ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இப்போது அந்த ஃபோன் வந்தால் வாய் அகலத்தில் 141 அங்குலம் என்று மாற்றுவது மட்டும்தான் வேலை. கதவு 68.5 அங்குலமாகிறது, கட்டம் அதே 18, இடைவெளி 3.81 ஆகச் சுருங்குகிறது. பூட்டுத் தகட்டுக்குப் போட்ட ஓட்டை அதே சட்டத்தில் அதே உயரத்தில் நிற்கிறது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் ஓட்டை பக்கத்து முகத்துக்குப் பாயும், பாதி வேலையை அழித்துத் திரும்ப வரைய வேண்டி வரும். எனக்கு 1.0 இன் மதிப்பு முழுக்க இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

அசெம்பிளி என்ற பகுதியும் இப்போது மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது, முன்பு தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாகங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கதவு திறந்து மூடுவதைத் திரையிலேயே இழுத்துப் பார்க்கலாம், எங்கே தட்டுகிறது என்பது தெரியும். முதலில் ஒரு பாகத்தை அசையாதபடி நிலைநிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து அலையும். பாகங்களின் பட்டியலையும் எடுத்துத் தருகிறது, பொருள் வாங்கப் போகும்போது உதவும். ஸ்கெச் வரைகிற பகுதியான ஸ்கெச்சரில் வரையும்போதே பக்கத்தில் அளவை அடிக்கிற வசதி, எல்லா வகை அளவுக்கும் ஒரே பொத்தான், திரையைச் சுழற்றும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்று காட்டுகிற சின்ன உருண்டை எல்லாம் வந்திருக்கின்றன. சின்ன விசயங்கள்தான், ஆனால் நாள் முழுக்க வரைகிறவருக்குக் கை வலி குறையும்.

பழகுவது பற்றி. ஓட்டோகாட்டில் கை பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், அது அவர்களின் திறமைக் குறைவால் அல்ல. ஓட்டோகாட்டில் கோட்டைப் போடும்போதே சரியான நீளத்தில் போடுவோம். இங்கே முதலில் கோணல்மாணலாக ஒரு வடிவத்தைப் போட்டுவிட்டு, இது கிடை, இது செங்குத்து, இவை இரண்டும் சமம், இது நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒத்தது என்று உறவுகளைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில்தான் எண்களைக் கொடுக்க வேண்டும். உறவுகளைச் சரியாகச் சொன்னால் எண்கள் மிகக் குறைவாகவே தேவைப்படும். எல்லாம் கட்டுப்பட்டதும் ஸ்கெச் பச்சையாகும். பச்சையாகாத ஸ்கெச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள் என்று பழகுகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

பச்சையாகவில்லை, எங்கே குறைகிறது என்றும் தெரியவில்லை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: ஒவ்வொரு புள்ளியாக மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். எது அசைகிறதோ அதற்குத்தான் இன்னும் கட்டு இல்லை. பிள்ளைகளுக்கு இதை நான் ஒரு விளையாட்டாகவே செய்விப்பேன், முடிந்த ஸ்கெச்சில் ஒரு கட்டை அழித்துவிட்டு எந்தக் கோடு எந்தப் பக்கம் ஓடும் என்று முதலில் வாயால் சொல்லச் சொல்லுவேன், பிறகு இழுத்துக் காட்டச் சொல்லுவேன். இதைச் சரியாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பிறகு யாரும் ஸ்கெச்சர் கற்பிக்கத் தேவையில்லை.

வீடியோ பார்த்து அப்படியே செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்தபடி செய்தால் வரும், வீடியோவை மூடினால் போய்விடும். வீட்டில் கிடக்கிற பொருள் ஒன்றை எடுங்கள், ஒரு கதவுப் பிணைச்சல், குழாய்ப் பிடி, எதுவானாலும் சரி, வேணியர் இடுக்கியால் அளந்து வரையுங்கள், வரைந்து முடித்ததும் ஒரு அளவை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். படம் உருக்குலையாமல் வளர்ந்தால் நீங்கள் விளங்கி வரைந்திருக்கிறீர்கள். வீடியோ பார்க்கத்தான் வேண்டும் என்றால் எந்தப் பதிப்புக்கானது என்று கவனியுங்கள். 0.18, 0.19 காலத்து வீடியோக்கள்தான் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றில் பாத் (இயந்திரத்தில் வெட்டுவதற்கான பகுதி) என்று சொல்வது இப்போது காம் ஆகிவிட்டது, ஆர்ச் (கட்டடப் படத்துக்கான பகுதி) என்று சொல்வது பிம்முக்குள் போய்விட்டது, அசெம்பிளிக்கு அவர்கள் சேர்க்கச் சொல்கிற துணைநிரல்கள் இனித் தேவையில்லை. வேர்க்பெஞ்ச் (ஒவ்வொரு வகை வேலைக்குமான கருவிப் பகுதி) என்று ஒரு நீண்ட பட்டியல் இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தொடக்கத்துக்கு ஸ்கெச்சர், ஸ்கெச்சைத் திண்மமான பாகமாக்க பார்ட் டிசைன், தாளில் வரைபடம் எடுக்க டெக்டிரோ, இவற்றோடு நில்லுங்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். விளிம்பை வளைவாக்குகிற ஃபில்லட் இன்னும் நொய்ந்ததாகவே இருக்கிறது. அடியில் உள்ள ஓப்பன் காஸ்கேட் என்ற வடிவியல் இயந்திரத்தின் பலவீனம் அது, பக்கத்து முகத்தை முழுதாக விழுங்குகிற அளவுக்கு ஆரையைக் கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும், ஏன் என்றும் தெளிவாகச் சொல்லாது. ஃபில்லட்டையெல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆரையைச் சற்றே குறைத்துப் பாருங்கள். பெரிய மாற்றம் செய்தால் டெக்டிரோ தாளில் அளவுக்கோடுகள் சில நேரம் கழன்றுபோகும், அச்செடுக்கும் முன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பொல்ட்டின் புரியை உண்மையாகவே வரைந்தால் லப்டொப் திணறும், ஃபாஸ்னர்ஸ் துணைநிரலில் பொல்ட்டை எடுத்துப் புரி இல்லாமல் வையுங்கள், போதும். 0.21 இல் செய்த பழைய ஃபைலைத் திறந்தால் முழுவதையும் ஒருமுறை மீள்கணிப்புச் செய்ய வேண்டும், அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பலம் கணிக்கிற ஃபெம் பகுதியும் உள்ளே இருக்கிறது. 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1000 கிலோ, அந்தப் பாரத்தைக் கால்களில் ஏற்றிப் பார்க்க ஆசை வரும், பாருங்கள், எந்த மூலை அதிகம் வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள அது நல்ல பாடம். ஆனால் திரையில் நீலமாக (அழுத்தம் குறைவு என்ற நிறம்) இருக்கிறது என்பதற்காக மெல்லிய பைப்பை வாங்கி வெல்ட் பண்ணாதீர்கள். காற்று, நிலம், வெல்டின் தரம் எதையும் நீங்கள் சொல்லாமல் அது அறியாது. உயரமான ஸ்ராண்ட் என்றால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எங்கள் ஊருக்கு இன்னொரு வசதி, இன்ரநெற் இல்லாமலே முழுதாக ஓடும். இறக்குவதற்குச் சில நூறு எம்பி, அதன் பிறகு ஃபைல் எல்லாம் உங்கள் லப்டொப்பில். தானாகச் சேமிக்கிற நேர இடைவெளியை அமைப்புகளில் போய்க் குறைத்து வைத்தால் கரண்ட் போனாலும் பெரிய இழப்பு வராது.

வீட்டுப் படம் வரைகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டோகாட்டின் டிடபிள்யுஜி (DWG) ஃபைலை ஃப்ரீகாட் தானாகத் திறக்காது, ஓடிஏ கன்வேர்ட்டர் என்ற இலவச நிரலைத் தனியாகப் போட வேண்டும், அல்லது அவர்களிடம் டிஎக்ஸ்எஃப் (DXF, மென்பொருள்களுக்கு இடையே படத்தைப் பரிமாறுகிற ஃபைல் வகை) ஆகக் கேட்டு வாங்க வேண்டும். தகட்டைப் பிளாஸ்மாவில் வெட்டக் கொடுப்பதும் டிஎக்ஸ்எஃப்தான். அதற்கு ஸ்கெச்சை நேரே ஏற்றுமதி செய்யுங்கள், டெக்டிரோ தாளைக் கொடுக்காதீர்கள், தாளில் படம் அளவுத்திட்டத்துக்குச் சுருங்கியிருக்கும். வெட்டுகிற இடத்தில் ஃபைலைத் திறந்ததும் ஒரு ஓட்டையின் விட்டத்தை அவர்களின் திரையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள், 12 மில்லிமீற்றர் என்று நீங்கள் போட்டது அங்கேயும் 12 என்று வந்த பிறகு தகட்டை மேசையில் ஏற்றலாம்.