குழுவாக கோல்ஃப் ஆடப் போக கட்டுப்படியாகும் மைதானங்கள்: அலபாமா ட்ரெயிலில் பல வருட அனுபவம்

நாங்கள் அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள். பெரும்பாலும் எட்டுப் பேர் கிளம்புவோம். அதில் ஒருவர் மட்டும் ஒற்றை இலக்க ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறமை அதிகம்), மற்றவர்கள் 18இலிருந்து 30 வரை கலந்து கட்டி இருப்போம். வருடாவருடம் நாங்கள் போவது பக்கத்து மாநிலமான அலபாமாவில் இருக்கும் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் ட்ரெயில் என்ற பொது மைதான வரிசைக்கு. புதிதாகக் குழு சேர்த்துக் கிளம்புகிறவர்கள் எந்த மைதானம், எப்போது, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டதை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பொது மைதானம் என்றாலே மலிவு என்று நினைக்க வேண்டாம். பெபிள் பீச்சில்கூட பணம் கட்டினால் யாரும் ஆடலாம், ஆனால் ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கு மேல். நியூயார்க்கின் பெத்பேஜ் ப்ளாக் மாநில அரசுப் பூங்காவில் இருக்கிறது, சான் டியேகோவின் டோரி பைன்ஸ் நகராட்சியுடையது. இரண்டிலும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரர்களுக்கு அதைவிட மிகக் கூடுதலாக இன்னொரு விலை. அவர்கள் ஊர் அரசின் மைதானம், அதனால் அது நியாயம்தான். ஆனால் வெளியூரிலிருந்து எட்டுப் பேராகப் போகும் நமக்கு அந்த மலிவு கிடைக்காது. குழுவாகப் போகிறவர்கள் தேட வேண்டியது வெளியூர்க்காரர்களை வரவழைப்பதற்காகவே கட்டிய பொது மைதானங்களை.

அலபாமா ட்ரெயில் அப்படித்தான் வந்தது. அந்த மாநில ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகித்த டேவிட் ப்ரானர், மாநிலத்துக்குச் சுற்றுலாவும் தொழிலும் வர வேண்டும் என்று இந்த முதலீட்டைச் செய்தார். எண்பது வயதைத் தாண்டியிருந்த வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் சீனியரை அழைத்து வேலையை ஆரம்பித்தார்கள், 1992இல் முதல் மைதானங்கள் திறந்தன. இன்று 11 இடங்களில் 26 மைதானங்கள், மொத்தம் 468 ஹோல் (பந்தைக் குழியில் போட்டு முடிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஹோல், ஒரு மைதானத்துக்குப் பொதுவாகப் 18). எல்லாமே ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதால் ஹோட்டலும் டீ டைமும் (ஆட்டம் தொடங்கும் நேரம்) சேர்த்து ஒரே இடத்தில் பதிவு செய்துகொள்ளலாம். எட்டுப் பேரின் கிழமைகளை ஒத்துவைப்பதே பெரிய வேலை, அதில் இது ஒரு தலைவலி குறைவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழுப் பயணத்துக்கு ஒரே இடத்தில் 54 ஹோல், அதாவது மூன்று மைதானங்கள், இருக்கும் ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தினம் ஒரு ஊர், தினம் ஒரு மைதானம் என்று திட்டம் போடுவது வரைபடத்தில் அழகாக இருக்கும், ஆனால் காலையில் அறையைக் காலி செய்து, எட்டு கோல்ஃப் பைகளை வண்டியில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, பயிற்சி செய்யும் ரேஞ்சில் பத்துப் பந்து அடிக்கக்கூட நேரமில்லாமல் முதல் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) போய் நிற்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் காலையில் ஒரு மைதானம், மதியம் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டாவது சுற்றுக்குப் பல இடங்களில் குறைந்த விலை உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டால் சொல்வார்கள். பெட்ரோலும் மிச்சம், முதுகுவலிக்காரர்கள் மதியச் சுற்றை விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ப்ராட்வில்லில் இருக்கும் கேபிடல் ஹில். மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியை ஒட்டி இருப்பதால் மூன்று மைதானங்களுக்கும் ஜட்ஜ், செனட்டர், லெஜிஸ்லேட்டர் என்று பெயர். மூன்றும் மூன்று விதம். ஜட்ஜின் முதல் டீயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீ ஏறக்குறைய 200 அடி உயரத்தில் இருக்கும், ஃபேர்வே (பந்து போய் விழ வேண்டிய புல்வெளி) கீழே, அதை ஒட்டி அலபாமா ஆற்றின் தண்ணீர். பந்தை அடித்துவிட்டு நிமிர்ந்தால் அது வானத்திலேயே நிற்பது போலத் தெரியும், கீழே விழ அவ்வளவு நேரம் ஆகும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் அண்ணாதான். முதல்முறை அங்கே நின்று கீழே பார்த்துவிட்டு, அதிக தூரம் அடிக்கும் மட்டையான ட்ரைவரை உருவினார். “அண்ணா, ட்ரைவர் வேண்டாம், அஞ்சு வுட் போதும், இறக்கமே பாதி தூரம் கொடுத்துடும்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ட்ரைவரைவிடக் குறைந்த தூரம் போகும் அந்த அஞ்சு வுட் மட்டையையே எடுத்தார், பந்து நடு ஃபேர்வேயில் போய் உட்கார்ந்தது. அந்த ஷாட்டைப் பற்றி இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் பேசுகிறார்.

ஆனால் அழகுக்காக மட்டும் ஜட்ஜைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது கடினமான மைதானம். தண்ணீர் அதிகம், பந்தும் அதிகம் போகும். கொஞ்ச நாளாகத்தான் ஆடுகிறவர்கள் குழுவில் இருந்தால் முதல் நாளே அங்கே அழைத்துப் போய் அவர்கள் உற்சாகத்தைக் குலைக்க வேண்டாம். முதல் நாள் லெஜிஸ்லேட்டர் ஆடலாம், பைன் மரங்களுக்கு நடுவில் போகும் வழக்கமான பாணி மைதானம், மூன்றில் அதுதான் எங்களுக்கு இதமாக இருந்தது. செனட்டர் வேறு உலகம். மரம் குறைவு, சுற்றிலும் மேடுகள், ஸ்காட்லாந்து பாணியில் 160க்கு மேல் சின்னச் சின்ன ஆழமான பங்கர்கள் (மணல் குழிகள்). எல்பிஜிஏ என்ற பெண்கள் தொழில்முறைப் போட்டிகள் பல வருடம் அங்கே நடந்திருக்கின்றன. பங்கரில் விழுந்தால் முன்னால் அடிப்பதை மறந்துவிட்டுப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள், ஸ்கோரும் பிழைக்கும், பின்னால் வரும் குழுவும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஓப்பலைக்காவில் இருக்கும் க்ராண்ட் நேஷனல். அட்லாண்டாவிலிருந்து ஐ-85இல் நேராகப் போகலாம், எங்கள் பக்கத்திலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம். 600 ஏக்கர் ஏரியைச் சுற்றி லேக், லிங்க்ஸ் என்று இரண்டு பெரிய மைதானங்கள். 2015 முதல் 2017 வரை ஆண்கள் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் பார்பசால் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. ஆனால் குழுவாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவை இரண்டையும் விட்டு மூன்றாவதை. அதன் பெயர் ஷார்ட் கோர்ஸ். 18 ஹோலும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டையான ஹோல்கள். பெயரைப் பார்த்துக் குழந்தைகள் ஆடும் இடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். போய்ப் பாருங்கள், ஏரி ஓரமாகவே பல டீக்கள், தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய ஹோல்கள், பெரிய மைதானத்தைப் போலவே பராமரித்த கிரீன்கள் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைகள்). விலையும் பெரிய மைதானங்களைவிடக் குறைவு, நேரமும் குறைவு. 8 ஹேண்டிகேப்காரரும் 30 ஹேண்டிகேப்காரரும் ஒரே டீயிலிருந்து ஒரே இரும்பு மட்டையை எடுத்து நிற்கும் இடம் அது ஒன்றுதான், பந்தயம் கட்டி ஆட அதைவிட நியாயமான மைதானம் கிடையாது. போய்ச் சேரும் நாள் மதியத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் உட்கார்ந்து இறுகிய உடம்பு இளகிவிடும்.

பெரிய மைதானங்களில் ஒவ்வொரு ஹோலுக்கும் தூரம் மாறும் பல டீக்கள் உண்டு, எந்த டீயிலிருந்து ஆடுவது என்பதில்தான் குழுக்களின் பாதிச் சந்தோஷம் போகிறது. கடினமான பார் (ஒரு ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்), எளிதான போகி (அதைவிட ஓர் அடி கூடுதல்) என்பதுதான் ஜோன்ஸின் கொள்கை என்பார்கள். ட்ரெயிலில் கிரீன்கள் பெரும்பாலும் மேடான இடத்தில் இருக்கும், முன்னால் ஆழமான பங்கர், உருட்டிவிட்டு ஏற்ற முடியாது, உயரமாக அடித்து மேலே இறக்க வேண்டும். பின் டீயிலிருந்து ஆடினால் இரண்டாவது ஷாட்டுக்குக் கையில் வுட்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு அந்த கிரீனில் பந்தை நிறுத்த நம்மால் ஆகாது. ட்ரைவரில் 200 கெஜம் அடிக்கிறவருக்கு 5,200 முதல் 5,400 கெஜ நீளம் சரி என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாங்கள் அதைக் கிளம்பும் முன்பே பேசி, யார் எந்த டீ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம், அங்கே போய் வீராப்பு காட்ட இடம் வைப்பதில்லை. பர்மிங்ஹாம் அருகில் ராஸ் ப்ரிட்ஜ் என்ற மைதானம் பின் டீயிலிருந்து 8,191 கெஜம், ஆனால் முன் டீக்களிலிருந்து எங்களைப் போன்றவர்களும் நன்றாகவே ஆடலாம். மாலையில் ஒருவர் பேக்பைப் வாசித்துக்கொண்டு நடந்து வருவார், பார்க்க வேண்டியது. ஆனால் ட்ரெயிலிலேயே விலை கூடிய இடங்களில் அதுவும் ஒன்று, சிக்கனப் பயணத்தில் அதைச் சேர்க்க மாட்டேன்.

பங்கர் பயம் உள்ளவர்கள் இருந்தால் ஹண்ட்ஸ்வில் அருகே ஹாம்ப்டன் கோவ் என்ற இடத்தில் ரிவர் என்ற மைதானம் இருக்கிறது, அதில் ஒரு பங்கர்கூடக் கிடையாது.

எப்போது போவது? மார்ச் முதல் மே வரையும் அக்டோபரும் சீசன், விலை உச்சத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் விலை இறங்கும், ஆனால் அலபாமா வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் காலை ஏழு மணி டீ டைமைத் தவிர வேறெதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். குளிர்காலத்தில் பெர்முடா புல் பழுப்பாகிவிடும், அதைப் பார்த்து மைதானம் செத்துவிட்டது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புல் உறங்குகிறது, அவ்வளவுதான், பந்து இன்னும் நன்றாக உருளும். விலை குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், காலையில் உறைபனி விழுந்தால் அது உருகும்வரை ஆட விடமாட்டார்கள், ஒரே நாளில் 36 ஹோல் என்ற ஆசை நடக்காது. என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி வாரம் அல்லது நவம்பர் முதல் பாதி, ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து செவ்வாய் மாலை திரும்புவது. வார நாள் விலைக்கும் சனிக்கிழமை விலைக்கும் இருக்கும் வித்தியாசத்தை எட்டால் பெருக்கினால், ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு அதிலேயே வந்துவிடுகிறது.

பதிவு செய்யும் முன் போன் போட்டுக் கேட்க வேண்டியதில் முதலாவது, கிரீன்களில் துளை போடும் வேலை எப்போது என்பது. பெர்முடா கிரீன்களில் பொதுவாகக் கோடையில் செய்வார்கள், காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்குவதற்காகக் கிரீன் முழுக்கச் சின்னத் துளைகள் குத்தி மணல் போடுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குப் பந்து குதித்துக் குதித்துப் போகும். வேறொரு மாநிலத்தில் ஒரு மைதானத்தில் எட்டுப் பேருக்கும் முன்பணம் வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, போய்ப் பார்த்தால் முந்தைய நாள்தான் துளை போட்டிருக்கிறார்கள், விலையையும் குறைக்க மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் விலையில் கார்ட் (மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி) சேர்ந்திருக்கிறதா, ரேஞ்ச் பந்துகள் சேர்ந்திருக்கின்றனவா, மழை பெய்தால் கார்டைப் பாதையை விட்டு இறக்க விடுவார்களா, ஒருவர் வர முடியாமல் போனால் அவர் பங்கு திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ட்ரெயில் மைதானங்களில் ஏற்ற இறக்கம் அதிகம், ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்குத் தூரமும் அதிகம், நடந்தே ஆடிக்கொள்ளலாம் என்று கார்ட் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து போகிறவர்களுக்கு நேரக் கணக்கும் உண்டு. அலபாமா மத்திய நேரத்தில் இருக்கிறது, நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எல்லையோர ஊர்களான லானெட், வேலியில் மக்கள் ஜார்ஜியா நேரத்தையே கடைப்பிடிக்கிறார்கள், அந்தப் பகுதியில் போன் கடிகாரம் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். டீ டைமை எழுதும்போது “ஓப்பலைக்கா நேரம் 12:10, அட்லாண்டா நேரம் 1:10” என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது பெரிய வசதி, காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்பினாலும் மதியச் சுற்று ஆடிவிடலாம்.

சாப்பாடு. மைதான உணவகங்களில் சைவம் என்றால் சாலட், பொரித்த உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். வெளியிலிருந்து சாப்பாடோ கூலரோ மைதானத்துக்குள் கொண்டுவரப் பல இடங்களில் அனுமதி இல்லை. அதனால் புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போய், வழியில் ஓய்வு நிறுத்தத்தில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவோம். இரவுக்கு ஓபர்ன், ஓப்பலைக்கா, மாண்ட்கோமரி மூன்றிலும் நல்ல கொரியன் கடைகள் இருக்கின்றன. மாண்ட்கோமரியில் ஹூண்டாய், ஜார்ஜியா எல்லையில் வெஸ்ட் பாய்ண்டில் கியா என்று இரண்டு கார் தொழிற்சாலைகள் வந்த பிறகு பெருகியவை. காரசாரமாக ஏதாவது கேட்கும் நாக்குக்கு அது போதும். மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு முட்டையும் இறைச்சியும் இல்லாத பிபிம்பாப் கேட்டால் செய்து கொடுத்தார்கள், மீன் சாஸ் சேர்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பணம் வசூலிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒருவர் தன் கிரெடிட் கார்டில் எல்லாவற்றையும் போடுவார், பதிவு செய்யும் அன்றே ஒவ்வொருவரும் பாதிப் பணத்தை அனுப்பிவிட வேண்டும். பணம் அனுப்பியவர் மட்டுமே எண்ணிக்கையில். கட்டாயம் வருகிறேன் என்பவர்களை நம்பிப் பன்னிரண்டு பேருக்குப் பதிவு செய்தால் கடைசி வாரத்தில் ஒன்பதாகும், ஒன்பது என்பது நான்கு பேர் குழுவாக ஆடும் விளையாட்டில் மோசமான எண், ஒருவர் முன்பின் தெரியாதவர்களோடு ஆட வேண்டிவரும். எட்டுக்கு மேல் ஆசைப்பட்டால் நேராகப் பன்னிரண்டுக்குப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள்.

மூன்று இரவு ஒதுக்க முடிகிறவர்களுக்கு: முதல் நாள் மதியம் க்ராண்ட் நேஷனல் ஷார்ட் கோர்ஸ், மறுநாள் லிங்க்ஸ் ஆடிவிட்டு மாலையில் ப்ராட்வில், மூன்றாம் நாள் அங்கே லெஜிஸ்லேட்டரும் செனட்டரும், கடைசி நாள் காலையில் ஜட்ஜ். இன்னும் தெற்கே க்ரீன்வில்லில் கேம்ப்ரியன் ரிட்ஜ் இருக்கிறது, ப்ராட்வில்லிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கேன்யன், ஷெர்லிங், லோப்லாலி என்று மூன்று ஒன்பது ஹோல்கள். ஊர் சின்னது என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எங்கள் குழுவில் பாதிப் பேர் ஜட்ஜைவிட அதைத்தான் கேட்கிறார்கள், அடுத்த பயணத்தில் கடைசி நாளை அங்கே மாற்றியிருக்கிறோம்.