மெயில் போகவில்லை, வரவில்லை: செட்டிங்ஸா, நீக்கிச் சேர்ப்பதா, புதுப் புரொஃபைலா?

கணினியில் இருக்கும் மெயில் புரோகிராம் மக்கர் பண்ணினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். செட்டிங்ஸைப் பார் என்பார் ஒருவர், அக்கவுண்ட்டை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர் என்பார் இன்னொருவர். புதிதாக ஒரு புரொஃபைல் (கணக்கு, செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போடு, மொத்தமாக அன்இன்ஸ்டால் செய், அட, பேசாமல் பிரவுசரிலேயே பார்த்துக்கொள் என்று பட்டியல் நீளும். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்தவைதான். ஆனால் ஒன்று ஐந்து நிமிட வேலை, இன்னொன்று இடம் தெரியாமல் செய்தால் பத்து வருட மெயிலை விழுங்கிவிடும்.

எதிலும் கை வைக்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பிரவுசரில் அதே கணக்கைத் திறந்தால் மெயில் வருகிறதா? அங்கேயும் வரவில்லை என்றால் புரோகிராமைத் தொடவே வேண்டாம். சர்வர் படுத்திருக்கும், இல்லையென்றால் பெட்டி நிரம்பியிருக்கும். ஜிமெயில் தரும் இலவச 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். படங்கள் நிரம்பினாலும் மெயில் நின்றுபோகும்.

அடுத்தது, நின்றது வரவா, போக்கா? உள்ளே வருவது ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை) அல்லது பாப் (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வழியாக, வெளியே போவது எஸ்எம்டிபி வழியாக. இரண்டுக்கும் தனித்தனி செட்டிங்ஸ். வந்துகொண்டிருக்கிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது என்றால் எஸ்எம்டிபி பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். பாதி வேலை அங்கேயே மிச்சம்.

சரி, முதல் வழி செட்டிங்ஸ். மெயில் எதையும் தொலைக்காத வழி என்பதால் என் ஓட்டு எப்போதும் முதலில் இதற்குத்தான். ஐமேப் என்றால் போர்ட் (சர்வரோடு பேசும் வாசல் எண்) 993, பாப் என்றால் 995. வெளியே அனுப்ப 465 அல்லது 587. பாதுகாப்பு முறை என்ற இடத்தில், 465 போட்டால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடி மாறிப்போனால் பெரும்பாலும் புரோகிராம் காரணம் எதுவும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஓய்ந்துபோகும். பழைய கணக்குகளில் இன்னும் 25 என்று இருக்கலாம். ஸ்பேமைத் தடுக்கப் பல இணைய நிறுவனங்கள் அந்த போர்ட்டை அடைத்து வைத்திருக்கின்றன. ஒரு வைஃபையில் போகிற மெயில் இன்னொரு வைஃபையில் போகவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பாஸ்வேர்டு விவகாரம் இதைவிடக் குழப்பம். சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் 535 என்ற எண்ணோடு தவறு என்று திருப்பி அனுப்பும். காரணம், வெறும் பாஸ்வேர்டோடு வரும் புரோகிராம்களுக்கு கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 அன்றே கதவைச் சாத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் டாட் காம் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் அதையே செய்தது. லாகின் முறையை ஓஆத்2 (பாஸ்வேர்டைப் புரோகிராமிடம் தராமல் அந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே லாகின் செய்வது) என்று மாற்ற வேண்டும். ஜிமெயிலுக்கு இன்னொரு வழியும் உண்டு: இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து புரோகிராமுக்கென்றே தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுப்பது. இது தெரியாமல் கூகுள் பாஸ்வேர்டையே மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றினால் ஏற்கெனவே எடுத்த ஆப் பாஸ்வேர்டுகளும் செத்துவிடும். அதாவது, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கணினியிலும் மெயில் நிற்கும்.

இதே வழியில் நானும் சறுக்கியிருக்கிறேன். ஒருநாள் எதுவுமே போகவில்லை. ஒரு மணி நேரம் போர்ட் எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் அவுட்பாக்ஸில் முதல் ஆளாக ஒரு 22 எம்பி கோப்பு உட்கார்ந்திருந்தது. வரம்பு 25 எம்பிதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் இணைப்பை அனுப்புவதற்காக எழுத்து வடிவுக்கு மாற்றும்போது மூன்று பைட் நான்காகிவிடும், 22 எம்பி 29ஐத் தாண்டிவிடும். பின்னால் நின்ற நான்கு மெயிலும் அதற்காகக் காத்திருந்தன. அவுட்லுக்கில் ‘ஒர்க் ஆஃப்லைன்’ போட்டு அதை அழித்தேன். அப்புறம் ஆஃப்லைனை எடுக்க மறந்து இன்னொரு கால் மணி நேரம் முழித்தது தனிக் கதை.

இரண்டாவது, நீக்கிச் சேர்ப்பது. ஐமேப் கணக்கு என்றால் தைரியமாகச் செய்யலாம். அசல் சர்வரில் இருக்கிறது, எல்லாம் திரும்ப இறங்கிவிடும். போர்ட்டையும் லாகின் முறையையும் புரோகிராமே கண்டுபிடித்து நிரப்பிக்கொள்வதால்தான் இந்த வைத்தியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர். பாப் கணக்கில் கதை வேறு. சர்வரில் நகல் வை என்று டிக் செய்யாமல் இருந்தால் உங்கள் வட்டில் இருப்பதுதான் ஒரே பிரதி. தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமில் கணக்கை நீக்கும்போது மெயில்களையும் அழிக்கவா என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதில் டிக் விழுந்தால் அவ்வளவுதான். சர்வரில் நகல் வைத்திருந்தாலும் தலைவலி உண்டு, பழைய மெயிலெல்லாம் இன்னொரு முறை இறங்கி இரட்டையாக நிற்கலாம். பாப் என்றால் இந்த வழி வேண்டாம் என்பேன்.

அதற்குப் பதில் மூன்றாவது வழி, புதுப் புரொஃபைல். கிளாசிக் அவுட்லுக்கில் கன்ட்ரோல் பேனல், மெயில் என்று போனால் கிடைக்கும். தண்டர்பேர்டில் புரொஃபைல் மேனேஜர். பழையது தொடப்படாமல் அப்படியே இருக்கும், புதியதில் கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். பாப் என்றால் சோதிக்கும் முன் ‘சர்வரில் நகல் வை’யை மறக்காமல் ஆன் செய்யுங்கள். புதியதில் ஓடினால் கோளாறு பழைய புரொஃபைலில். புதியதிலும் ஓடவில்லை, செட்டிங்ஸும் சரி என்றால் வெளியே தேடுங்கள். நடுவில் புகுந்து மெயிலை ஸ்கேன் செய்யும் ஆன்டிவைரஸ், ஃபயர்வால், ஏன், தேதி தப்பாக ஓடும் கணினிக் கடிகாரம்கூட இணைப்பை முறிக்கும். முகவரிப் புத்தகத்தையும் ஃபில்டர்களையும் கொண்டுவர வேண்டியிருக்கும், அதுதான் இதன் செலவு.

அன்இன்ஸ்டால் பார்க்கப் பெரிய வேலை, பலன் சின்னது. புரோகிராம் போனாலும் புரொஃபைல் வழக்கமாக வட்டிலேயே இருக்கும், திரும்ப நிறுவினால் அதையே எடுத்துக்கொள்ளும். சுவரை இடித்துக் கட்டிவிட்டு அதே பழுதான பூட்டை மாட்டுவது போல. புரோகிராம் திறக்கவே இல்லை, அல்லது ரொம்பப் பழைய பதிப்பு என்றால் மட்டும் செய்யலாம். விண்டோஸ் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் உதவாது. 2024 டிசம்பர் 31க்கு மேல் அதற்கு ஆதரவே இல்லை, வேறு புரோகிராமுக்கு மாறத்தான் வேண்டும்.

பிரவுசர் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பாப் வழியாக இறக்கி, சர்வரிலிருந்து போய்விட்ட பழைய மெயில் அங்கே தெரியாது, அவ்வளவுதான் குறை. அங்கிருந்து ஒரு மெயிலை அனுப்பினால், புரோகிராமின் அவுட்பாக்ஸில் சிக்கியிருக்கும் அதே மெயிலை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் புரோகிராம் சரியானதும் அது பாட்டுக்குக் கிளம்பி அதே ஆளிடம் இரண்டாவது முறையாகப் போய் நிற்கும்.