இரண்டு வயலினா, வயலினும் வியோலாவுமா?

மொசார்ட்டின் இரண்டு இசைப் படைப்புகளில் முதலில் எதைக் கேட்பது? 1774-இல், 18 வயதில், சால்ஸ்பர்க்கில் அவர் எழுதியது கான்செர்டோனே (கே. 190; ‘கே.’ என்பது மொசார்ட் படைப்புப் பட்டியலின் வரிசை எண்). தனித்து வாசிப்பவை இரண்டு வயலின்கள். ஒன்று சொன்னதை மற்றது வாங்கித் திருப்பிச் சொல்லும். ஓபோ என்ற ஊதுகருவியும், செல்லோ என்ற பெரிய, தாழ்ந்த குரல் தந்திக்கருவியும் நடுநடுவே பேச்சில் சேர்ந்துகொள்ளும். கேட்கச் சுகம்தான். ஆனால் இரண்டும் ஒரே குரல் என்பதால், யார் பேசுவது என்று சில இடங்களில் பிடிபடாது.

1779-இல் எழுதிய சின்ஃபோனியா கான்செர்டான்டேயில் (கே. 364) இரண்டாம் வயலினுக்குப் பதில் வியோலா; வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த கருவி. அதன் தந்திகளை அரைச் சுரம் ஏற்றிச் சுருதி சேர்க்கச் சொல்கிறார் மொசார்ட். அந்தக் கனத்த குரல் பளிச்சென்று எழுகிறது. அப்புறம், சோகம் தோய்ந்த சி மைனர் சுருதியில் அந்த மெதுவான நடுப்பகுதி! வயலின் விம்ம, வியோலா கீழிருந்து பதில் தருகிறது. முதலில் எதைக் கேட்பது என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கான்செர்டோனேயை அந்த ஓபோவுக்காகவே கேளுங்கள்.