வசனமா, திருச்சபையா, வரலாற்றாய்வா: பைபிளின் அதிகாரம் எதன் மேல் நிற்கிறது?

புராட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பரிசுத்த வேதாகமத்தையும், கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் யோவானின் முதல் நிருபம் 5:7-8-ஐத் திறவுங்கள். வேதாகமத்தில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று இருக்கும். திருவிவிலியத்தில் அந்தப் பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஆவி, நீர், இரத்தம் என்று மூன்று சாட்சிகள் மட்டும்தான். இதை நடை வேறுபாடு என்று ஒதுக்க முடியாது. ஒரு புத்தகத்தில் இருக்கிற வாக்கியம் மற்றதில் கிடையாது. அதுவும் திரித்துவத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்கிற வாக்கியம் பைபிளில் வேறெங்கும் இல்லை.

இரண்டில் எது கடவுளின் வார்த்தை? இதற்கு மூன்று தரப்பு பதில் சொல்கிறது. "வசனமே அதிகாரம், அதில் பிழையே கிடையாது, சபையும் மரபும் அதற்குக் கீழேதான்" என்பது முதல் தரப்பு. 1978-இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் தலைவர்கள் வெளியிட்ட சிகாகோ அறிக்கை இதன் திட்டமான வடிவம். நம்மூர்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் கேட்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது தரப்பு ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை: வேதமும் மரபும் சேர்ந்ததே வெளிப்பாடு, அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லும் உரிமை திருச்சபையின் ஆசிரியத்துக்கு, அதாவது போப்புக்கும் ஆயர்களுக்கும், மட்டுமே உண்டு என்று 1965-இன் இரண்டாம் வத்திக்கான் சங்க (ஆயர் பேரவை) ஏடு சொல்கிறது. மூன்றாவது வரலாற்றாய்வு. பைபிளையும் மற்றப் பழைய நூல்களைப் போலவே பிரதி, காலம், ஆசிரியர் என்று விசாரிப்பது.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் மூன்றும் சரி போலத்தான் தோன்றும். குறிப்பிட்ட வசனங்களில் உரசினால்தான் எது எங்கே முறிகிறது என்று தெரியும்.

முதல் உரைகல் மேலே சொன்ன வசனம். 1516-இலும் 1519-இலும் டச்சு அறிஞர் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை. அவர் பார்த்த கிரேக்கப் பிரதிகளில் அது இல்லாததால் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தது. பிறகு அந்த வாக்கியம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதி காட்டப்பட்டது. அது அப்போதுதான், 16-ஆம் நூற்றாண்டில், எழுதப்பட்ட பிரதி. இன்றும் டப்ளினில் இருக்கிறது. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எராஸ்மஸ் வாக்கியத்தைச் சேர்த்தார். அந்த வழிவந்த கிரேக்க அச்சுப் பதிப்புகள் மூலம் அது 1611-இன் ஆங்கில பைபிளுக்குள் போயிற்று. 1871-இல் முழுமையாக வந்த தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் இடம்பிடித்தது.

பிழையின்மை பேசுகிறவர்கள் இங்கே என்ன சொல்கிறார்கள்? பிழையின்மை மூலப் பிரதிக்குத்தான், நகல்களுக்கு அல்ல என்று சிகாகோ அறிக்கையே சொல்கிறது. ஆனால் பைபிளின் எந்த நூலுக்கும் மூலப் பிரதி இன்று இல்லை. பவுல் கையால் எழுதிய ஒரு வரிகூடக் கிடையாது. இருக்கும் நகல்களில் எது மூலத்துக்கு நெருக்கம் என்று யார் தீர்ப்பது? பிரதிகளை ஒப்பிடும் ஆய்வாளர்தான். அதாவது முதல் தரப்பு, தான் சந்தேகிக்கிற மூன்றாவது தரப்பின் உழைப்பின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. இது சின்ன ஓட்டை அல்ல, அஸ்திவாரத்திலேயே உள்ள விரிசல்.

ரோமாபுரியின் கதை வேறு. 1897-இல் அதன் கோட்பாட்டுக் கண்காணிப்பு அமைப்பான உயர் அலுவலகம் இந்த வாக்கியத்தின் உண்மைத்தன்மையைப் பாதுகாப்பாக மறுக்கவோ ஐயப்படவோ முடியாது என்று தீர்ப்பளித்தது. 1927-இல் அறிஞர்கள் ஆராய்ந்து எதிர்முடிவுக்கும் வரலாம் என்று விளக்கம் தந்தது. இன்று அதன் தமிழ்ப் பைபிளில் வாக்கியமே இல்லை. இடைப்பட்ட காலத்தில் கையெழுத்துப் பிரதிகள் மாறிவிடவில்லை, நிறுவனம்தான் மாறியது. பைபிளின் முதல் ஐந்து நூல்களான ஐந்நூல்களை எழுதியது மோசேதான் என்பதை ஆணித்தரமாகக் காக்கச் சொன்ன 1906-ஆம் ஆண்டின் தீர்ப்பும் இப்படித்தான் மெல்லத் தளர்ந்தது. தவறைத் திருத்திக்கொள்வது நல்ல குணம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருத்தப்பட வேண்டியிருந்த தீர்ப்புக்கு, அது நடப்பில் இருந்தபோது, கீழ்ப்படிதல் கேட்கப்பட்டது. ஆய்வு செய்த குருக்கள் அதற்காக வாய் மூடியிருக்க வேண்டியிருந்தது. நிறுவன மதத்தின் மேல் என் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அடுத்த உரைகல், பொருளடக்கப் பக்கம். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73, எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் கணக்கில் 81. எந்தெந்த நூல்கள் வேதம் என்ற பட்டியல் பைபிளின் எந்த வசனத்திலும் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை அப்படியே தரும் பட்டியல் முதன்முதலில் கிடைப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1522-இல் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பட்டியலில் எண் கொடுக்காமல் வைத்தார். கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்றுதான் தன் பட்டியலை உறுதிசெய்தது. கத்தோலிக்கர் பட்டியலில் கூடுதலாக உள்ள நூல்களும் 1611-இன் ஆங்கில பைபிளில் அச்சாகியிருந்தன. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826-இல்தான் அவற்றை அடியோடு நிறுத்தியது. யூதா நிருபம் 14-ஆம் வசனம் ஏனோக்கின் தீர்க்கதரிசனம் என்று ஒன்றை எடுத்துச் சொல்கிறது. அந்த வரிகள் வரும் ஏனோக்கு நூல் எத்தியோப்பியரின் பைபிளில் உண்டு, நம் இரண்டு தமிழ்ப் பைபிள்களிலும் இல்லை.

இந்த இடத்தில் கத்தோலிக்கத் தரப்பே நேர்மையானது. "நாங்கள்தான் பட்டியல் போட்டோம்" என்று அது ஒப்புக்கொள்கிறது. வசனம் மட்டுமே போதும் என்பவர்கள், வசனம் எது என்பதையே பழைய ஆயர்களிடமும் அச்சிட்ட சங்கங்களிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது உரைகல், தாவீது எடுத்த குடிக்கணக்கு. 2 சாமுவேல் 24-ஐயும் 1 நாளாகமம் 21-ஐயும் வரிவரியாகச் சேர்த்து வாசியுங்கள். கணக்கெடுக்கத் தாவீதை ஏவியது சாமுவேலில் கர்த்தரின் கோபம், நாளாகமத்தில் சாத்தான். எண்ணிக்கை சாமுவேலில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம்; நாளாகமத்தில் 11 லட்சமும் 4,70,000-மும். களத்துக்குக் கொடுத்த விலை அங்கே 50 வெள்ளிச் சேக்கல், இங்கே 600 பொன் சேக்கல். விலை விஷயத்தில் "50 களத்துக்கும் மாடுகளுக்கும், 600 சுற்றியுள்ள இடம் முழுவதற்கும்" என்று இணைத்துச் சொல்கிறார்கள். முடியாதது அல்ல. ஆனால் எண்ணிக்கைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, சாத்தானுக்கு ஒன்று என்று தனித்தனிச் சமாதானம் தேவைப்படுகிறது. வரலாற்றாய்வு ஒரே விளக்கத்தில் முடிக்கிறது: நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது, சாமுவேல் நூலை ஆதாரமாக வைத்துக்கொண்டு, கடவுளே பாவத்துக்கு ஏவினார் என்பதைத் தாங்க முடியாத காலத்தில் அதைத் திருத்தி எழுதியது. வேறுபாடு இருப்பதை மட்டுமல்ல, ஏன் அந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் இது சொல்லிவிடுகிறது.

கோலியாத்தின் உயரமும் இப்படி ஒரு இடம். எபிரெய மரபுப் பிரதியில் ஆறு முழம் ஒரு சாண், சுமார் ஒன்பதரை அடி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் நான்கு முழம் ஒரு சாண், ஆறரை அடிதான்.

ஐயப்படுகிறவர்கள் சறுக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். "325-இல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பைபிளைத் தேர்ந்தெடுத்தார்" என்பது தவறு. அந்தச் சங்கம் கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் ஈஸ்டர் தேதியையும் பேசியது, நூற்பட்டியலைத் தீர்மானிக்கவில்லை. "புதிய ஏற்பாட்டில் நான்கு லட்சம் பாடபேதங்கள்" (பிரதிக்குப் பிரதி உள்ள வேறுபாடுகள்) என்று எண்ணிக்கையை மட்டும் வீசுவதும் பயனற்றது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் இடமாற்றம். பொருளைத் தொடுகிற சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 யோவான் 5:7, மாற்கு 16:9-20, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் வரும் யோவான் 7:53–8:11. இவ்வளவே போதும்.

ஏசாயா 7:14-ஐயும் கவனமாகக் கையாள வேண்டும். வேதாகமத்தில் "கன்னிகை", திருவிவிலியத்தில் "இளம்பெண்". எபிரெயச் சொல் அல்மா, இளம்பெண் என்பதே அதன் பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்றாக்கியது, மத்தேயு அந்தக் கிரேக்கத்தை மேற்கோள் காட்டினார். இதை மோசடி என்று கத்தினால் வாதம் கெட்டுவிடும். இயேசுவுக்கு முன்பே யூதர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது.

வரலாற்றாய்வுக்கும் எல்லை உண்டு. ஐந்நூல்களை நான்கு மூலங்களாகப் பிரித்த 19-ஆம் நூற்றாண்டுக் கோட்பாடு இன்று ஆய்வாளரிடையே பல துண்டாகக் கிடக்கிறது. அது தருவது நிகழ்தகவு. எப்படி வாழ வேண்டும் என்று அது யாருக்கும் கட்டளையிடாது. அதனாலேயே அதை நான் நம்புகிறேன்: தன் முடிவை மறுக்கிறவரை அது சபையை விட்டு விலக்குவதில்லை.

நெருங்கி வாசித்தவர்தான் கூர்மையாகக் கேள்வி கேட்பார் என்பதற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் செய்து 1850-இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். 1854-இல் அவர் எழுதிய மறுப்பு, பழைய ஏற்பாட்டின் தூபம், விளக்கு, பலி, உடன்படிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவைத்து, கோயில் வழிபாட்டைப் பழித்தவர்களைப் பார்த்து, உங்கள் வேதத்திலேயே இவை இல்லையா என்று கேட்டது.

கடைசி உரைகல் பணம். தசமபாகம் கேட்கும் பிரசங்கத்துக்கு மல்கியா 3:10 வாசிப்பது வழக்கம். பத்தில் ஒன்றைப் பண்டசாலைக்குக் கொண்டுவா என்பது கட்டளை. ஆனால் நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் என்பது தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு. மாதச் சம்பளம் அல்ல. உபாகமம் 14:22-29 அதைச் செலவழிக்கும் முறையையும் சொல்கிறது. விளைச்சலை கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு நீயே சாப்பிடு, தூரமானால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போய், அங்கே ஆடுமாடு, திராட்சரசம், மதுபானம் என்று உனக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிட்டு மகிழ், லேவியனைக் கைவிடாதே, மூன்றாம் வருஷம் அந்தப் பத்தில் ஒன்றை உன் ஊர் வாசலில் வைத்து லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் கொடு.

வசனமே அதிகாரம் என்று சொல்லும் சபையில் அடுத்த முறை மல்கியா வாசிக்கப்படும்போது, இந்த எட்டு வசனங்களையும் அதே ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.