மூன்றாவது பாட்டில்: 15 வருடம் வைத்திருந்த லா ரிசர்வ்

போன வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெங்களூரு பானஸ்வாடி வீட்டில் க்ரோவர் லா ரிசர்வ் 2008 என்ற சிவப்பு ஒயினைத் திறந்தோம் (2008 என்பது திராட்சை அறுத்த வருடம்). 2010 பிப்ரவரியில் வாங்கிய மூன்று பாட்டில்களில் இதுதான் கடைசி. முதல் பாட்டில் 2011-ல், இரண்டாவது 2016-ல், இது 2025-ல். ஒரே நாளில் வாங்கிய ஒரே ஒயினை மூன்று வெவ்வேறு வயதுகளில் ருசித்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்கியது அப்பாவோடு. கம்பத்தில் எங்களுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். பெங்களூரு வந்திருந்தவர், நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒயின் தோட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, "கொடியைப் பாத்துட்டு வந்துரலாம் தாயி" என்றார். மதுவைத் தொடாதவர். அவருக்குக் கொடிதான் வேண்டும். கன்வல் க்ரோவர் 1988-ல் தொடங்கிய தோட்டம் அது. பிரான்சிலிருந்து மிஷேல் ரோலான் என்ற ஒயின் நிபுணர் ஆலோசகராக வந்துபோய்க்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுவார்கள். இங்கே கம்பி வேலியில் நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். கவாத்து எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு என்று அங்கிருந்தவரிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டு ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலை மென்று, கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"பழம் சிறுசு, தோல் தடிமன். இது திங்கிறதுக்கு வச்ச பழமில்ல தாயி. சாயத்துக்கும் துவர்ப்புக்கும் வச்சது."

சிவப்பு ஒயினின் சூட்சுமமே அதுதான். நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது, துவர்ப்பு தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும். ஒயின் பல வருடம் தாங்குவதற்கு அந்தத் துவர்ப்பும் ஒரு காரணம். லா ரிசர்வில் இருப்பவை கேபர்னே சாவினோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை ரகங்கள். இரண்டுமே துவர்ப்பு உள்ளவை. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஒயின். அப்பா மூன்று பாட்டில் லேபிளிலும் பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதினார், உர மூட்டையில் எழுதுவது போலவே.

2011-ல் திறந்தபோது நாவல்பழ நிறம். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, மிளகு வாசம், கொஞ்சம் மரவாசம். நல்ல ஒயின். மட்டன் சுக்காவோடு அருமையாகப் போனது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதைக் கெடுத்தது நாங்கள்தான். அல்சூர் வாடகை வீட்டில், ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த அலமாரியில், நட்டமாக நிறுத்தியே வைத்திருந்தோம். கீழிருந்து எப்போதும் சூடு. நட்டமாக நின்றால் ஒயின் கார்க் மூடியைத் தொடாது, கார்க் காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். 2016-ல் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திறந்தபோது கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்பா கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, "காடியாப் போச்சே" என்றார், புளித்து வினிகராகிவிட்டது என்று. அந்த ஒரு நாள் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அது நடக்காமலே போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சாயங்காலம் அவரே மூன்றாவது பாட்டிலை எடுத்து, தன் துண்டில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் படுக்க வைத்தார். "நடுகுச்சிய ஈரம் காயாம வைப்போம்ல, அதே மாதிரிதான் மாப்ள" என்று, நடுவதற்கு வெட்டி வைக்கும் கொடிக்குச்சியைச் சொல்லி, என் கணவரிடம் விளக்கினார். 2019-ல் அப்பா காலமானார். அதே வருடம் ஒயினுக்கான சின்ன குளிர்பெட்டி ஒன்று வாங்கி, 13 டிகிரியில் துண்டோடு உள்ளே வைத்தேன். ஏப்ரலில் 34, 35 டிகிரியைத் தொடும் ஊரில், பழைய ஒயினை வைத்திருக்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்பேன். சாதாரண ஃப்ரிட்ஜ் நாலைந்து நாளைக்குச் சரி, வருடக்கணக்குக்கு ஆகாது.

சரி, திறந்த கதை. இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன், வண்டல் அடியில் தங்கட்டும் என்று. பழைய கார்க்கில் திருகாணி இறக்கினால் உடைந்துவிடலாம். அதனால் இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் இரு பக்கமும் நுழைத்து, திருகியபடி இழுக்கும் வகைத் திறப்பானை வாங்கியிருந்தேன். கார்க் முழுசாக வந்தது. அடிப்பக்கம் ஈரமாக, கருஞ்சிவப்பாக. பாட்டிலின் கழுத்துக்குக் கீழே போன் டார்ச்சைப் பிடித்தபடி மெதுவாகக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினேன். கலங்கலாக வண்டல் வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம்.

நிறம் செங்கல் நிறமாகியிருந்தது, ஓரத்தில் மஞ்சள் ஓடியது. முதலில் பூட்டிக் கிடந்த அறையின் வாசம் வந்து பயமுறுத்தியது. பத்து நிமிடத்தில் அது விலகி, உலர்ந்த அத்தி, புகையிலை, பழம்புளி. 2011-ல் நாக்கைப் பிடித்த துவர்ப்பு கரைந்து பட்டாகியிருந்தது. புளிப்பு மட்டும் உயிரோடு நின்றது. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் வாசம் இறங்கிவிட்டது. இந்த வயது ஒயினைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் குடித்துவிட வேண்டும். சுக்காவும் வேண்டாம், காரம் அதை அமுக்கிவிடுகிறது. வெறும் வறுத்த முந்திரியே போதுமாக இருந்தது.

இன்னொன்றை 15 வருடம் வைப்பேனா என்றால், மாட்டேன். இந்த ஒயினுக்கு ஆறேழு வருடம்தான் சரியான வயது என்று என் நாக்கு சொல்கிறது. ஆனால் இந்த பாட்டிலைக் காத்திருந்து குடித்ததில் எனக்கு முழுத் திருப்தி.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "அப்பா இல்லையே தாயி" என்று அழுதவர்.

"காடியாகலையே?" என்றார்.

"இல்லம்மா, நல்லா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்தத் துண்டைத் துவைச்சிராத. வரும்போது அப்படியே கொண்டா" என்றார்.