எம்ஐடி 18.06 லீனியர் அல்ஜீப்ரா வீடியோக்கள்: அருமை, ஆனால் பேனா இல்லாமல் உட்காராதீர்கள்

இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸ் (எண்களை வரிசையும் நெடுக்குமாக அடுக்கிய கட்டம்) எனக்கு டிக்டேஷனாகத்தான் வந்தது. சார் நோட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். கெய்லி-ஹாமில்டன் தேற்றம் 16 மார்க்குக்கு நிச்சயம் என்றார்கள், வந்தது, எழுதினேன், பாஸ். அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வேலையில் மெஷின் லேர்னிங் பக்கம் தள்ளிவிட்டதால் வேறு வழியில்லாமல் அமெரிக்காவின் எம்ஐடியில் மேட்ரிக்ஸ் பாடமான லீனியர் அல்ஜீப்ராவை (அங்கே அதன் எண் 18.06) நடத்திய பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் வீடியோக்களைத் திறந்தேன்.

1999இல் வகுப்பறையில் எடுத்தவை. எம்ஐடியின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்திலும் யூடியூபிலும் இலவசம். 30க்கும் மேற்பட்ட வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி. ஸ்லைடு கிடையாது, ஒரு மனுஷர், சாக்பீஸ், கரும்பலகை, அவ்வளவுதான்.

முதல் வகுப்பிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறார். இரண்டே சமன்பாடு: 2 எக்ஸ் கழித்தல் ஒய் சமம் 0, கழித்தல் எக்ஸ் கூட்டல் 2 ஒய் சமம் 3. நமக்குத் தெரிந்தபடி இரண்டு கோடு வரைந்து வெட்டும் இடத்தைக் காட்டுகிறார், சரி, இது பள்ளிக்கூடத்திலேயே பார்த்ததுதானே என்று நினைக்கும்போதே அதே எண்களை நெடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். எக்ஸின் எண்கள் (2, -1) ஒரு அம்பு, ஒய்யின் எண்கள் (-1, 2) இன்னொரு அம்பு, முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு எடுத்து, ஒன்றின் நுனியில் அடுத்ததன் அடியை வைத்து ஒட்டினால் வலது பக்கத்து எண்களான (0, 3)இல் போய் நிற்கிறது. எக்ஸ் 1, ஒய் 2. எத்தனையோ தடவை போட்ட கணக்குதான், ஆனால் அதற்கு இப்படி ஒரு படம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரச்சினையும் இங்கேதான். அவர் சொல்லும் அழகில் சீரியல் மாதிரி ஒரே சனி ஞாயிறில் 12 வகுப்பு பார்த்து முடித்தேன், எல்லாம் புரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தேன். திங்கட்கிழமை ராத்திரி அதே தளத்தில் இருக்கும் முதல் தேர்வுத்தாளைத் திறந்தால் நல் ஸ்பேஸ் (ஒரு மேட்ரிக்ஸால் பெருக்கினால் பூஜ்ஜியமாகிவிடும் அம்புகளின் கூட்டம்) பற்றிய கேள்விக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. தப்பு அவர்மேல் இல்லை, என்மேல்தான். ஆனால் எனக்கு மட்டும் நடப்பதும் இல்லையாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், சரளமான லெக்சர் கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாக நினைத்தார்கள், டெஸ்ட் வைத்தால் வகுப்பிலேயே தாங்களாகக் கணக்குப் போட்டுத் திணறியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். நல்ல லெக்சரில் இருக்கிற ஆபத்து இது. மோசமான லெக்சரில் புரியவில்லை என்பதாவது நமக்குப் புரிந்துவிடும்.

அதனால் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். அவர் ஒரு கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பார் இல்லையா, அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நானே போட்டுப் பார்க்கிறேன். முக்கால் மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும். உதவி ஆசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டும் தனி வீடியோக்களும் அங்கேயே உண்டு, பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. பழைய பதிவு என்பதால் படம் மங்கல், போனில் பார்த்தால் சின்ன எண்கள் கண்ணைக் கஷ்டப்படுத்தும், லேப்டாப் நல்லது.

மனுஷர் 2023 மே மாதம் கடைசி வகுப்பை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார், கிட்டத்தட்ட 90 வயதில். நான் 21ஆவது வகுப்புக்கு வந்திருக்கிறேன், ஈஜன் வேல்யூ (மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் கோடு மாறாத அம்பு எத்தனை மடங்காகிறது என்ற எண்). அடுத்து, அந்த 16 மார்க் கணக்கை நோட்டைப் பார்க்காமல் ஒரு தடவை போட்டுப் பார்க்கப்போகிறேன்.