கூடாரத்துக்கு முழுப் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்

கொழுக்குமலை, சூரியநெல்லி, வட்டவடை பக்கம் கூடாரத்தில் தங்கத் திட்டமிடுபவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆயுத பூஜை விடுமுறைக்காக எங்கள் குடும்பத்திடமும் தம்பி குடும்பத்திடமும் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு முகாம், தன்னால் எங்களை மலைக்கு அழைத்துச் செல்லவே முடியாமல் போன பிறகும் அந்தப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தது.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, பூப்பாறையைக் கடந்து, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பாதையில் சாதாரணக் கார் ஏறாது. முகாமோ 7000 அடிக்கு மேலே. ஜீப், கூடாரம், இரவு உணவு, சூரிய உதயம், காலைச் சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள், சூரியநெல்லி இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. ஒரே நாளில் 11.5 சென்டிமீட்டருக்கு மேல், 20 சென்டிமீட்டர் வரையிலும்கூட மழை கொட்டலாம் என்பது அதன் பொருள். மலைப்பாதையில் ஜீப் ஓடக் கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்சரிவில் புதைந்து 70 பேர் மாண்ட மாவட்டம் அது. மழைக்கு அங்கே பயந்துதான் ஆக வேண்டும்.

முகாமிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நானே தொலைபேசியில் அழைத்தேன். மேலாளர் சொன்ன பதில்: "கூடாரம் திறந்துதான் இருக்கிறது சார். நீங்கள் வரவில்லை என்றால் அது உங்கள் விருப்பம். ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் பணம் கிடையாது."

பாதை மூடியிருக்கும்போது எப்படி ஏறி வருவது என்று கேட்டேன். ஜீப் வேறு ஆட்களுடையது, அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். ஜீப்புக்கும் சேர்த்துத்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. சிறு பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பல முறை வற்புறுத்திய பிறகு, ஆறு மாதத்துக்குள் வேறொரு நாள் வந்துகொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். பொங்கல் விடுமுறையில் இடம் கேட்டபோது, சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களுக்கு அது செல்லாது என்றார்கள். சாதாரண நாளுக்குக் கேட்டால், கட்டணம் உயர்ந்துவிட்டது, வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்றார்கள். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

அவர்களுடைய ரத்து விதியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நாம் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. அவர்களால் சேவை தர முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் பார்க்கும் முகாமின் விதியிலும் இதைத்தான் முதலில் தேடுங்கள். மழை எச்சரிக்கை, பாதை மூடல், வனத்துறைத் தடை வந்தால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று மழுப்பினால் அந்த இடமே வேண்டாம். தனிநபர் எண்ணுக்கு யுபிஐயில் முழுத் தொகை கேட்பவர்களிடமும் கவனமாக இருங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது உண்டு.

முகாமுக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்த பிறகுதான் அங்கே பலரும் இந்தக் கேள்வியையே கேட்கத் தொடங்கினார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தை ஏற்காவிட்டால், வாடிக்கையாளரிடமும் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். முகாம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதுவரை அழைப்பை எடுக்காத மேலாளர் தானே அழைத்தார். பாதித் தொகை வந்து சேர்ந்தது. புகாரைத் திரும்பப் பெற்றால் மீதியைப் "பேசலாம்" என்றார். நான் திரும்பப் பெறவில்லை. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அன்றைய எச்சரிக்கை, ஜீப் தடை பற்றிய செய்தி எல்லாவற்றையும் இணைத்து மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே போல் பணத்தை இழந்தவர்கள் உரையாடல்களை அழித்துவிடாமல் வைத்திருங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், என்னுடையதைக் காட்டுகிறேன்.